ஒரு சுருளின் தடம்

நாற்பத்தோராயிரத்து அறுநூறு. அன்று காலை முதலாளிக்கு நான் தர வேண்டியிருந்த பாக்கி அது. மாதாமாதம் சம்பளத்தில் இரண்டாயிரத்து அறுநூறு பிடிப்பார். இன்னும் பதினாறு மாதம் ஓட வேண்டும்.

அந்தக் கடன் வந்த கதை சின்னது. உலோகத்தைச் செதுக்கும் கட்டரின் நீளத்தை மெஷினில் தட்டும்போது நடுவில் வைக்க வேண்டிய தசமப் புள்ளியை விட்டுவிட்டேன். கட்டர் குட்டையானது என்று நம்பிய மெஷின் அதை நேராக மேசைக்குள் இறக்கிவிட்டது. கட்டர் சுழலும் தண்டு போச்சு. முதலாளி கத்தவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் உன்னப் போகச் சொல்ல மாட்டேன். எனக்கு வாய் வராது. நீயே போயிடு" என்றார். கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அன்று காலை என் மனைவியும் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே அதைத்தான் சொன்னாள். "பதினாறு மாசம். அதுவரைக்கும் வாயையும் கையையும் ஒழுங்கா வச்சுக்க."

எங்கள் பட்டறையில் பந்தய வண்டி என்ஜின்களுக்கு அலுமினியத்தில் கனெக்டிங் ராடு செய்கிறோம். என்ஜினுக்குள் பிஸ்டனையும் அது சுழற்றுகிற கிராங்கையும் பிடித்துக்கொண்டு நிற்கிற கை அது. மேலே சின்ன ஓட்டை, கீழே பெரிய ஓட்டை. கெட்டியான தகட்டிலிருந்து சி.என்.சி. மெஷின் அதைச் செதுக்கி எடுக்கும். பிறகு பெரிய ஓட்டையைப் பாதியாக அறுத்து, மூடியைப் போல்ட் போட்டு மாட்டி, மறுபடி மெஷினில் ஏற்றிக் கடைசியாக ஒருமுறை குடைவோம். அந்தக் கடைசிக் குடைச்சலில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு ஓட்டையும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று தலைமுடி அளவு சாய்ந்தாலும், ஓடும்போது ராடு ஒரு பக்கமாகத் தேயும், சூடேறும், ஒடியும். ஒடிந்த ராடு என்ஜினுக்குள் இருக்காது. என்ஜின் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

காலை பத்து மணிக்கு அடுத்த வேலைக்காக மெஷின் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ராடு உட்காரும் தட்டில், இடது ஓரத்தில், விரலில் ஏதோ இடறியது. குனிந்து பார்த்தேன். நகத்தால் கிள்ளியதுபோல் வளைந்த ஒரு தடம். மெஷின் சீவித் தள்ளுகிற அலுமினியச் சுருள் ஒன்று அங்கே கிடந்து, அதன்மேல் ராடு உட்கார்ந்து, மேலே பிடியை முறுக்கியபோது அழுந்திய தடம்.

துணியைக் கீழே வைத்தேன்.

அந்தத் தட்டில் கடைசியாக உட்கார்ந்தவை, எங்களிடம் ராடு வாங்குகிற பந்தயக்காரன் ஒருவனின் எட்டு ராடுகள். ஐந்து நாளுக்கு முன் அவன் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

ஒவ்வொரு ராடையும் ஏற்றும் முன் இரண்டு ஊது, ஒரு தடவு. அது என் கணக்கு. காற்றால் இரண்டு முறை ஊதி, உள்ளங்கையால் ஒருமுறை தட்டைத் தடவிப் பார்ப்பேன். பதினோரு வருடம் அப்படித்தான். ஆனால் அந்த எட்டையும் குடைந்த அன்றைக்கு நான்காவது ராடு ஏற்றும்போது கம்ப்ரசர் பெல்ட் அறுந்துவிட்டது. காற்று இல்லை. அவசர வேலை என்று துணியால் துடைத்துத் துடைத்து ஏற்றினேன். ஏழாவதுக்குத்தான் காற்று திரும்பி வந்தது.

அதுகூடப் பெரிதில்லை. என்னை உட்கார வைத்தது வேறொரு ஞாபகம். அந்த எட்டில் ஒரு ராடின் பக்கத்தில் இதே மாதிரி ஒரு வளைந்த பள்ளத்தைப் பார்த்திருக்கிறேன். கூடையில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டதாக்கும் என்று நினைத்து, எமரித் தாளை எடுத்துத் தேய்த்துத் தேய்த்து, பள்ளம் போனபிறகு பஞ்சால் மெருகேற்றினேன். பந்தயக்காரனுக்கு ராடு முகம் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். கோணலாகக் குடைந்த ராடு தன் மேல் வைத்திருந்த ஒரே அடையாளத்தை நானே கையால் அழித்துக் கொடுத்திருக்கிறேன்.

அன்று மாலை நாலு மணிக்கு அவன் என்ஜினை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கப்போகிறான். முதல்நாள்தான் முதலாளிக்குப் போன் செய்து சொல்லியிருந்தான்.

பதினொரு மணிக்கு டீ வந்தது. அளவு பார்க்கிறவரை ஓரமாகக் கூப்பிட்டேன். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான்தான் அவருக்கு நாங்கள் வைத்த பெயர். டீயில் சர்க்கரை கூடக் குறைய இருந்தால்கூட எவ்வளவு என்று சொல்லிவிடுவார்.

"அந்த எட்டு ராடையும் கம்பி போட்டுப் பாத்தீங்களா?" என்றேன். இரண்டு ஓட்டையிலும் கம்பி செருகி, இரண்டும் ஒரே பக்கம் போகிறதா என்று பார்ப்பது அந்தச் சோதனை.

"ஒண்ணு, எட்டு. ரெண்டையும் பாத்தேன். மத்ததுல ஓட்டை அளவு மட்டும். அளவு பொட்டு மாறாம இருந்துச்சு. ஏன்?"

சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஓட்டை கோணலா இருந்தாலும் அளவு சரியாத்தான் காட்டும்" என்றார் மெதுவாக.

"தெரியும்."

"அந்த அளவுத் தாள்ல என் கையெழுத்து இருக்கு."

"தெரியும்ண்ணே."

"ஏற்கெனவே நாப்பதாயிரம் பாக்கி. இதையும் போய்ச் சொன்னா உன்னை மட்டுமா அனுப்புவாரு? எனக்கு ரெண்டு பொண்ணு. அது தடமா, பழைய கீறலான்னு யாருக்குத் தெரியும்? பேசாம வேலையப் பாரு."

நான் பேசாமல் வேலையைப் பார்த்தேன். அதை இங்கே எழுதாமல் விட முடியாது. பதினொன்றிலிருந்து மூன்று வரை நின்று வேலை பார்த்தேன். மெஷின் கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் சூடு தணிக்கிற கூலன்ட் பால் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அது பழைய கீறல்தான் என்று எனக்கு நானே பத்துத் தடவை சொல்லிக்கொண்டேன். பத்துத் தடவையும் போய் விரலால் தடவிப் பார்த்தேன். பழைய கீறலின் ஓரம் மழுங்கியிருக்கும். இது விரலைப் பிடித்தது.

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து மூடிவிட்டேன். பந்தயக்காரன் ஞாபகம்தான். எங்கள் பட்டறையில் ஒருமுறை அவன் பழைய என்ஜினை ஓட விட்டபோது பார்த்திருக்கிறேன். தள்ளி நிற்க மாட்டான். காதில் சத்தம் தடுக்கிற மூடியை மாட்டிக்கொண்டு, என்ஜினின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பான். "ஏம்பா, டாக்டரா நீ?" என்று கேட்டதற்கு, "காது பொய் சொல்லும்ண்ணே, கை சொல்லாது" என்றான். ராடு ஒடிந்தால் அந்தக் கை இருக்கிற இடத்தில்தான் வெளியே வரும். கைக்குப் பின்னால் அவன் வயிறு இருக்கும்.

மூன்று மணிக்குக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு அவனுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். நாலாவது தடவை என் விரல் வேறு யாருடைய எண்ணையோ அழுத்தியது. காதில் மூடி மாட்டியிருப்பான் என்று அப்போதுதான் உறைத்தது.

வெளியே வந்து நேராக முதலாளி அறைக்குப் போனேன். வழியில் மைக்ரான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

முதலாளி ஏதோ பில் பார்த்துக்கொண்டிருந்தார். சுருள், தடம், கம்ப்ரசர், எமரித் தாள் எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது. எமரித் தாளைச் சொன்னபோது மட்டும் அவர் நிமிர்ந்தார்.

"பள்ளத்த நீயே தேச்சியா?"

"ஆமாங்க."

"யார்கிட்டயும் காட்டாம?"

"ஆமாங்க."

அவரும் பந்தயக்காரனுக்குப் போன் செய்து பார்த்தார். பிறகு வேன் சாவியை எடுத்தார். கடிகாரம் மூன்று இருபத்தைந்து.

வேனை அவரே ஓட்டினார். ஒரு சிக்னலில் நின்றோம். அந்தச் சிவப்பு விளக்கைப் போல நீளமான விளக்கை நான் பார்த்ததில்லை. என் கை இரண்டும் முழங்காலில் தாமாகவே தட்டிக்கொண்டிருந்தன. "கைய நிறுத்து" என்றார். கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

அந்தத் தெரு முனையிலேயே சத்தம் கேட்டது. என்ஜின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. சீராக, மெதுவாக. சூடேற விட்டிருக்கிறான். முதலாளி கனத்த உடம்புக்காரர், அவரால் ஓட முடியாது. "போ" என்றார். வேன் நிற்கும் முன்பே குதித்தேன்.

ஷெட்டுக்குள் அவன் எனக்கு முதுகு காட்டி நின்றான். இடது கை என்ஜின் வயிற்றில். வலது கை வேகம் கூட்டுகிற பிடியில். சத்தம் ஏறத் தொடங்கியது. நான் கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. சுவர் ஓரத்தில் பேட்டரியைத் துண்டிக்கிற சிவப்புத் திருகு தெரிந்தது. அதைப் போய்த் திருப்பினேன். கை வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன்.

சத்தம் நின்றது.

அவன் காது மூடியைக் கழற்றினான். "அண்ணே, பைத்தியமா உங்களுக்கு?"

"கைய எடுத்துரு தம்பி" என்றேன். "முதல்ல அங்கேருந்து கைய எடு."

முதலாளி உள்ளே வந்து விஷயத்தைச் சொன்னார். அவன் முதலில் நம்பவில்லை. நாளைக்குப் பந்தயம். என்ஜினைப் பிரித்தால் இரவெல்லாம் மாட்ட வேண்டும். "ஒண்ணும் இல்லன்னா என்ன செய்வீங்க?" என்று என்னைக் கேட்டான். ஒன்றும் இல்லை என்றால் எனக்கு வேலை இல்லை. ஏதாவது இருந்தாலும் வேலை இல்லை. எது வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

எண்ணெயை வடித்து, அடியைக் கழற்ற ஒரு மணி நேரம் ஆனது. ராடுகளில் எண் குத்தியிருக்கும். காற்று இல்லாமல் ஏற்றிய மூன்றில் முதலான நான்காவதைக் கழற்றினான். பெரிய ஓட்டைக்குள் இருக்கும் பேரிங் சாம்பல் நிறமாக, சமமாக இருந்தது. முதலாளி என்னைப் பார்த்தார். ஐந்தாவதைக் கழற்றினான்.

பேரிங்கின் ஒரு ஓரம் மட்டும் கண்ணாடியாகத் தேய்ந்து, அடியிலிருந்த செம்பு தெரிந்தது. மறு ஓரத்தில் தொட்ட தடமே இல்லை. அரை மணி நேரம்கூட ஓடாத என்ஜின்.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "முழுசா முறுக்கியிருந்தா எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும்?"

"ரெண்டு நிமிஷம். இல்லன்னா அதுவும் இல்ல."

இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். பிறகு கேட்டான்: "எப்ப பாத்தீங்க அண்ணே, அந்தத் தடத்த?"

பொய் சொல்லியிருக்கலாம். "காலைல பத்து மணிக்கு" என்றேன்.

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அதன் பிறகு இன்றுவரை அவன் என்னோடு அதிகம் பேசுவதில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

மறுநாள் காலை முதலாளி நோட்டை எடுத்தார். மைக்ரான் வாசலில் நின்றார். அவர் கையெழுத்து உள்ள தாளையும் முதலாளி மேசைமேல் வைத்திருந்தார்.

"பழைய பாக்கி நாப்பத்தோராயிரத்து அறுநூறு. புது ராடு, பேரிங், ஏழாயிரத்து முந்நூறு. மொத்தம் நாப்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரம்." எழுதிக்கொண்டே சொன்னார். "பதினோரு வருஷ வேலைக்கு, கணக்கு முடிச்சா உனக்கு நான் தர வேண்டியது நாப்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. கழிச்சா அறுநூறு. இந்தா."

ஆறு நோட்டுகள். எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.

"நீ போயிட்டே" என்றார். "சொன்ன மாதிரி, நீயே போயிட்டே. திங்கட்கிழமை எனக்கு ஒரு ஆள் வேணும், வந்துடு. புது ஆள், புது ஆளோட சம்பளம். பழைய பதினோரு வருஷம் கணக்குல வராது. அதோட எட்டு செஞ்சா எட்டுக்கும் கம்பி போட்டுப் பாக்கணும்." கடைசியைச் சொல்லும்போது வாசலைப் பார்த்தார்.

மைக்ரான் தலையசைத்தார். "சரிங்க" என்றார்.

"புது ஆளுக்கு எமரித் தாள் எங்க இருக்குன்னு தெரியக் கூடாது" என்றார் முதலாளி. சிரிப்புக்காகச் சொன்னாரா என்று முகத்தில் தெரியவில்லை.

நோட்டை என் பக்கம் திருப்பினார். போன முறை தண்டு போனபோது இதே பக்கத்தில்தான் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து கோடு தாண்டிப் போயிருந்தது. இப்போது அந்தத் தொகைக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்து, கீழே 'தீர்ந்தது' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். கோடு நேராக வரவில்லை. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நோட்டை மூடினார்.