மூடி போட்டிருக்கா

வாசலில் வாடகை நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் பின்னறையில் ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரி உச்சியிலிருந்து கறுப்புப் பெட்டியை இறக்கினாள். கணவரை அடக்கம் செய்துவிட்டு இப்போதுதான் எல்லோரும் திரும்பியிருந்தார்கள்.

"என்ன அண்ணி இது? கொஞ்ச நேரம் படுங்களேன்" என்றான் சின்னவன். அவருடைய தம்பி.

"காத்து நின்னு போச்சு, கவனிச்சியா?"

சின்னவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். கொடியில் கிடந்த துணி அசையவில்லை. வானம் நேற்றிலிருந்தே உம்மென்று இருந்தது. காற்று அடித்ததால் நேற்று ராத்திரி தப்பியது. மீன்குளம் வைத்திருக்கிறவர்களுக்கு இதைவிடக் கெட்ட சேதி கிடையாது. வெயிலும் இல்லை காற்றும் இல்லை என்றால் தண்ணீரில் மூச்சு குறைந்துவிடும். விடியலை நெருங்க நெருங்க மீன்கள் திணறிக்கொண்டு மேலே வந்து வாயைப் பிளக்கும். அந்த நேரத்தில் தண்ணீரை அடித்துக் கலக்குகிற ஏரேட்டரை ஓடவிட்டால் பிழைக்கும், கோட்டை விட்டால் காலையில் குளம் முழுக்க வெள்ளை வயிறுதான். இவர்களிடம் குளம் மூன்று, ஏரேட்டர் ஒன்று. எந்தக் குளம் முதலில் திணறுகிறது என்று பார்த்து அங்கே இழுத்துப் போட வேண்டும். டார்ச் அடித்தும் பார்க்க முடியாது. வெளிச்சம் பட்டதும் மீன் மிரண்டு அடிக்குப் போய்விடும், ஒரு குறையும் இல்லாதது போல் தண்ணீர் சிரிக்கும்.

அதற்காகத்தான் அவர் இருட்டில் பார்க்கிற பைனாகுலரை வாங்கினார். வீட்டில் அதற்கு ராக்கண்ணு என்று பேர். அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு மோட்டார் கொட்டகை மாடியில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்ததால் அவருக்கு ஆந்தை என்று பேர். "ஆந்தையாவது பகல்ல தூங்கும். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்ல" என்பார், கோபப்படாமல்.

ராக்கண்ணு விஷயத்தில் மட்டும் அவர் வேறு ஆள். கண்ணாடியில் தூசி இருந்தால் முதலில் ஊத வேண்டும், அப்புறம்தான் துணி. முந்தானையால் துடைத்தால் அன்றைக்கு வீட்டில் பேச்சுவார்த்தை இருக்காது. வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்ற வேண்டும். ஈரம் ஏறாமலிருக்க, புதுச் செருப்பு டப்பாக்களில் வரும் குருணைப் பொட்டலங்களை ஊரெல்லாம் கேட்டு வாங்கிப் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, மூடி. பகலில் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் மூடியைப் போட்டபடியே, அதிலிருக்கும் ஊசித்துளை வழியாகத்தான் பார்க்க வேண்டும். "மூடி இல்லாம வெளிச்சத்தப் பாத்தா, பாத்த உருவம் உள்ள கருகி அப்படியே உக்காந்துக்கும். சாகிற வரைக்கும் போகாது" என்பார். ஒரு தடவை எதிரே வந்த லாரி விளக்கு பட்டு, ஓரத்தில் மிளகு மாதிரி இரண்டு கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. அதற்கு அவர் பட்ட துக்கத்தைப் பார்த்து அவளுக்கே பொறாமையாக இருந்தது.

நெஞ்சுவலி வந்து அவர் கட்டிலோடு ஆன பிறகு ராத்திரிக் காவல் அவளுக்கு வந்தது. விடிந்து அவள் வீட்டுக்குள் கால் வைத்ததும் "சாப்பிட்டியா" என்று கேட்க மாட்டார். "மூடி போட்டிருக்கா?" என்பார். அவள் பெட்டியை மடியில் வைத்துவிட்டுப் போவாள். அவர் ஊதி, துடைத்து, பேட்டரியைக் கழற்றி மூடி வைப்பார். கடைசிவரை அவர் கையில் மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான்.

நேற்றுக் காலையும் அப்படித்தான். மூட்டத்துக்கு நடுவே கொஞ்ச நேரம் வெயில் பளீரென்று அடித்தது. வெயில் வந்துவிட்டதே, ஒரு வாளி தீவனம் போட்டுவிடலாம் என்று அவள் கிளம்பினாள். பின்னறைக் கட்டிலிலிருந்து பார்த்தால் கூடத்தைத் தாண்டி வாசல்கதவு நேராகத் தெரியும். அவள் கதவைத் தாண்டப் போகும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏ, அப்படியே நில்லு."

"என்ன?"

"நில்லுன்னா நில்லு."

அவர் ராக்கண்ணைக் கண்ணில் வைத்திருந்தார். அவள் ஒரு கையில் வாளியும் ஒரு கை நிலையிலுமாக நின்றாள். வேலை தலைக்கு மேல் கிடந்தது. நின்றாள். நின்றுகொண்டே, அவர் கேள்வியை அவருக்கே திருப்பிப் போட்டாள்.

"மூடி போட்டிருக்கா?"

"போட்டிருக்கு, போட்டிருக்கு" என்றார்.

அவள் குளத்திலிருந்து திரும்பி வந்தபோது அவர் இல்லை. பெட்டி சாத்தியபடி பக்கத்தில் இருந்தது. இன்றைக்குப் பூராவும் வந்தவர்களெல்லாம் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார்கள். இதை எப்படிச் சொல்வது? ஒன்றும் சொல்லவில்லை என்றே எல்லோரிடமும் சொன்னாள்.

பெட்டியைத் திறந்தாள். பேட்டரி உள்ளேயே இருந்தது. இந்த வீட்டில் அது அடுப்பை அணைக்காமல் ஊருக்குப் போவதற்குச் சமம்.

"இதை யார் தொட்டா?"

"நான்தான் தூக்கி மேல வெச்சேன் அண்ணி. கூட்டத்துல யாராவது மிதிச்சிடக் கூடாதேன்னு. தொறக்கல."

வாசலிலிருந்து மீன் வியாபாரி எட்டிப் பார்த்தார். துக்கத்துக்கு வந்தவர்தான், ஆனால் கண் குளத்தின் மேலேயே இருந்தது.

"தங்கச்சி, தப்பா நினைக்காத. மூட்டமா இருக்கு. ஆந்தையும் இல்ல. காலையில வலைக்காரங்களோட வந்து மூணு குளத்தையும் மொத்தமா எடுத்துக்கட்டுமா? குளத்தையும் யாருக்காவது பேசி முடிச்சிடலாம். பொம்பள ஒருத்தியா ராத்திரியில என்னத்தப் பாப்ப?"

சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் அதுதான் யோசனை என்று அவளுக்குத் தெரிந்தது.

"ரெண்டு மாசமா யாரு பாத்தான்னு நினைச்சீங்க?" என்றாள் அவள். "மீன் இன்னும் மூணு வாரம் வளரணும். காலையில வாங்கண்ணே. செத்து மிதந்தா நீங்களே அள்ளிக்கங்க, குளத்தையும் எழுதிக்கங்க. மிதக்கலன்னா மூணு வாரம் கழிச்சு வாங்க."

"இன்னைக்குப் போயா அண்ணி" என்றான் சின்னவன், வியாபாரி நகர்ந்ததும்.

"அவர்தான் போயிட்டார். மீன் போகல."

இருட்டியதும் கொட்டகை மாடி ஏறினாள். மூடியைக் கழற்றி, ராக்கண்ணைப் போட்டுக் கண்ணில் வைத்தாள். வழக்கமான பச்சை வெளிச்சம் வந்தது. ஆனால் நட்ட நடுவில் பெரிய கறுப்புக் கட்டம் ஒன்று நின்றது. தூசியோ என்று ஊதினாள், துடைத்தாள். பேட்டரியை மாற்றினாள். கட்டம் போகவில்லை.

டீயோடு ஏறி வந்த சின்னவன் மாட்டிக்கொண்டான்.

"நடுவுல கறுப்பா மறைக்குது. எவனுக்குடா தொறந்து காட்டின?"

"அய்யோ அண்ணி, சத்தியமா நான்..."

"சத்தியமெல்லாம் வேண்டாம். வெயில்ல மூடிய எடுத்துட்டு விளையாடியிருக்கீங்க. இருபது வருஷம் பிள்ளை மாதிரி வெச்சிருந்தார். ஒரு நாள் பொறுக்கலையா உங்களுக்கு?"

சொல்லும்போதே குரல் உடைந்தது. நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. சின்னவன் டீயைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். அவள் மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி ராக்கண்ணை எடுத்தாள். அழுதுகொண்டே குளம் பார்க்க முடியாது. கண்ணாடியில் ஆவி படியும்.

கட்டம் முழுக்கக் கறுப்பு இல்லை. அதற்கு நடுவே கோணல்மாணலாக ஒரு சந்து தெளிவாக இருந்தது. அதுவே போதும் என்று வைத்துக்கொண்டாள். தலையை மெல்லத் திருப்பி, ஒவ்வொரு குளமாக அந்தச் சந்துக்குள் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தாள். மேட்டுக் குளம் சும்மா கிடந்தது. நடுக்குளத்தில் ஏரேட்டர் மிதந்தது. ஓரக்குளம் சும்மா கிடந்தது. மறுபடியும் மேட்டுக் குளம். கழுத்து மரத்துப் போயிற்று. சின்னவன் இரண்டு தடவை, "நான் பாக்கட்டுமா?" என்று கேட்டான். அவனிடம் அவள் கொடுக்கவில்லை.

விடிய இன்னும் நேரமிருந்தபோது ஓரக்குளத்தின் மூலை, மழை விழுவது போலப் பொட்டுப் பொட்டாகக் குழிய ஆரம்பித்தது. மழை பெய்யவில்லை. உற்றுப் பார்த்தாள். எல்லாம் வாய்.

"சின்னவனே, கயிறு."

நடுக்குளத்திலிருந்து ஏரேட்டரைக் கரையேற்றுவது இரண்டு ஆள் வேலை அல்ல, நாலு ஆள் வேலை. அவள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, பின்னாலிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளினாள். சின்னவன் முன்னால் இழுத்தான். கரையில் சேறு வழுக்கி அவன் ஒரு தடவை மல்லாக்க விழுந்தான். "எழுந்திரு, அப்புறம் விழலாம்" என்றாள். ஓரக்குளத்தில் இறக்கி, ஒயரைச் செருகி, சுவிட்சைப் போட்டதும் இயந்திரம் இருமியது, நின்றது, மறுபடி இருமியது, பிறகு தண்ணீரை வாரி அடித்தது. மீன்கள் அதன் ஓரமாக அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தன.

இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். நனைந்த புடவையோடு அவள் மறுபடி மாடி ஏறினாள். மற்ற இரண்டு குளமும் ஒழுங்காக இருந்தன. ராக்கண்ணை இறக்கப் போகும்போது அது வீட்டுப் பக்கம் திரும்பியது. வெள்ளையடித்த பின்சுவர் பார்வை முழுக்க வந்து நின்றது.

சுவரின் மேல் கறுப்புக் கட்டத்தின் விளிம்பு அளந்து வெட்டியது போலத் தெரிந்தது. மேலே குறுக்காக ஒரு கோடு, பக்கவாட்டில் இரண்டு. அது கதவுநிலை. அதற்குள்ளே, வெயிலை உடம்பு மறைத்த இடம் மட்டும் கருகாமல், அவள் ராத்திரி முழுக்கக் குளம் பார்த்த அந்தச் சந்து ஒரு பெண்ணாக நின்றது. ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் வாளி தொங்கியது.

அவள் ராக்கண்ணை இறக்கவில்லை. கை வலிக்கிற வரை அப்படியே வைத்திருந்தாள்.

"என்ன அண்ணி, மேட்டுக் குளமும் திணறுதா?" என்று கீழேயிருந்து கேட்டான் சின்னவன்.

"இல்ல." மாடி ஓரத்துக்கு வந்து குனிந்து சொன்னாள். "நீ தொடலடா. நான்தான் அவசரப்பட்டு உன்னை ஏசிட்டேன்."

"அப்ப யாரு?"

அவள் மறுபடி மேட்டுக் குளத்தின் பக்கம் திரும்பினாள்.

வெளுக்கும்போது வியாபாரியின் வண்டி வந்தது. அவர் மூன்று கரையும் சுற்றி வந்தார். ஓரக்குளத்தில் சில மீன்கள் மிதந்தன. ஒரு கூடைக்குக்கூடத் தேறாது. வியாபாரி அவளைப் பார்த்தார், சேறு காய்ந்த புடவையைப் பார்த்தார்.

"சரி தங்கச்சி. மூணு வாரம்" என்று வண்டியைத் திருப்பினார்.

சின்னவன் மாடிக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையை நீட்டி ராக்கண்ணை வாங்கப் பார்த்தான்.

"இது பாழாப் போச்சு அண்ணி. நடுவுல மறைக்குதுன்னீங்களே. மீன் வித்ததும் புதுசு ஒண்ணு வாங்கிடலாம்."

"வேண்டாம். இதுலயே தெரியுது."

பேட்டரியைக் கழற்றி இடுப்பில் செருகினாள். கண்ணாடிகளை முதலில் ஊதினாள், அப்புறம் பெட்டியிலிருந்த துணியை எடுத்து வட்டமாகத் துடைத்தாள். கிழக்கே வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. மூடியைப் போட்டாள். சரியாகப் போட்டிருக்கிறதா என்று இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தாள்.