கண் மட்டும் பாக்கி

மூத்த கன்னியாஸ்திரீ ஒருவரின் அடக்கம் முடிந்த பதினோராம் நாள் காலை ஆறு மணிக்கே செதுக்குபவர் கன்னியர் மடத்து வாசலில் நின்றார். கையில் துணி சுற்றிய செப்புத் தகடு. அதில் இறந்தவரின் முக்காடு, சிலுவை, கோத்த விரல்கள் எல்லாம் வெட்டி முடித்தாயிற்று. கண் மட்டும் பாக்கி.

உயிரோடு இருப்பவரைப் படம் எழுத அந்த மடத்தில் அனுமதி இல்லை. இறந்த பிறகு முகத்தில் சாந்து அப்பி அச்செடுத்துக் கொடுத்திருந்தார்கள். மூக்கும் உதடும் அச்சில் அப்படியே இருந்தன. கண் மூடியிருந்தது. அந்த அம்மாவுக்கு இருக்கப்போவது இந்த ஒரு படம்தான். தப்பினால் வேறு யாரோ ஒருத்தி காலத்துக்கும் அவர் பெயரில் நிற்பாள்.

கம்பி அழிக்கு அப்பால், கறுப்புத் திரைக்குப் பின்னே, மடத்துத் தலைவி வந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"அவங்க கண்ணு எப்படிம்மா இருக்கும்?"



"நாங்க தலை நிமிர்ந்து ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறதில்லைங்க. முப்பத்தோரு வருஷம் ஒண்ணா இருந்தோம். நடக்கிற சத்தம் தெரியும், கை தெரியும். கண்ணு தெரியாது."

"ஒருத்தர்கூடவா பார்த்ததில்ல?"

"சமையல்கட்டு சிஸ்டர் ஒரு தடவை பார்த்துட்டாங்க. அதையும் பாவம்னு மறுநாளே சாமியார்கிட்ட போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டாங்க. இப்ப அவங்களும் இல்ல."

"ஆளு எப்படி?"

"ரொம்பக் கண்டிப்பு. ஆனா ஜெபத்துல தோள் குலுங்க அழுவாங்க. எங்களுக்கே கூச்சமா இருக்கும், நமக்கு அந்த பக்தி வரலையேன்னு."

வீட்டில் மனைவி மை அரைத்துக்கொண்டிருந்தாள். செதுக்குவது அவர், அச்சடிப்பது அவள்.

"இமையைத் தாழ்த்தி விட்டுடுங்களேன். பார்த்தவங்கதான் யாருமில்லையே."

"அதுக்கு நான் எதுக்கு? சாந்து அச்சே போதுமே."

விசாரித்துப் பிடித்ததில் இறந்த அம்மாவுக்கு ஒரு தங்கை இருந்தாள். தையற்காரி. அக்கா மடத்துக்குப் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுத்தான் பேசினாள்.

"வலது கண்ணு லேசா மூக்குப் பக்கம் சாயும். சிரிப்பு வந்தா இன்னும் சாயும். எதுக்கெடுத்தாலும் சிரிப்பு அவளுக்கு. கோயில்ல அடக்க முடியாம குனிஞ்சுக்குவா. அதைப் பார்த்துட்டு அப்பா, மூத்தவளுக்கு பக்தி முத்திடுச்சுன்னு அனுப்பி வச்சிட்டாரு."

"நிஜமாவா?"

"நான் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன்?"

தகட்டில் வெட்டுவது தாளில் இடம் வலம் மாறி விழும். அதைக் கணக்கில் வைத்து அந்தக் கண்ணைச் சாய்த்தார். சாய்வு ஒரு மயிரிழை. அதற்கு முழு நாள் ஆயிற்று.

மறுநாள் ஈரம் காயாத தாளைத் திரைக்கு அடியில் தள்ளி, தங்கை சொன்னதையும் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். உள்ளே பல அங்கிகள் சரசரத்தன. யாரோ களுக்கென்று சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று அவர் திரைப் பக்கம் காதைச் சாய்த்தார்.

தலைவியின் குரல் மெல்ல வந்தது.

"அப்போ ஜெபத்துல அவங்க தோள் குலுங்கினது... அழுகை இல்லையா, ஐயா?"