மாடிப்படி வளைவு

வாய்க்கரிசி அள்ளிய கையை லோகேஸ்வரி அப்பாவின் உதட்டருகே கொண்டுபோனபோது, கைப்பேசித் திரையில் தம்பி குகனின் முகம் உறைந்தது. வாய் பாதி திறந்தபடியே நின்றது. பிறகு திரை கறுத்துவிட்டது.

"மறுபடியும் கட் பண்ணிட்டானா?" என்றார் ரமணி அத்தை. "அப்பன் பெட்டியில கெடக்கும்போதுகூடவா?"

"அவன் பண்ணல அத்தை. லைன்."

"ஆமா லா, எல்லாப் பழியையும் லைன் மேல போடுங்க. அது வாயத் தொறந்து பதில் சொல்லவா போவுது?"

அப்பா தம்புசாமி நேற்று மதியம் சாப்பிட்டு எழுந்தவர், கை கழுவும் இடத்திலேயே சரிந்துவிட்டார். அயர்லாந்தில், டப்ளினில் இருக்கும் ஒரே மகனுக்குக் கிடைத்த விமானம் நாளை இரவுதான் வந்து சேரும். இன்னொரு ராத்திரி அவரை ஐஸில் வைக்க விடமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். குகன் கேட்டது ஒன்றுதான். "என் பங்கு அரிசிய நீ போடுக்கா. போடுறப்ப நான் அப்பா மூஞ்சியப் பாக்கணும்."

அதுதான் நடக்கவில்லை. கைப்பேசியின் சொந்த டேட்டாவில் படமே வராது. மலேசியாவின் கிள்ளானில் அந்த வரிசை வீடுகளுக்கு வாய்த்த சிக்னல் ஒற்றைக் கோடுதான். வீட்டு வைஃபையோ பெட்டிக்குப் பக்கத்தில் போனதும் அறுந்தது. கூடத்தில் வேறு இடம் இல்லாததால் பெட்டியை மாடிப்படியை ஒட்டி வைத்திருந்தார்கள்.

சவ வண்டிக்கார ராஜன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, சுடலையில நமக்குப் பின்னால இன்னொரு குடும்பம் இருக்கு. மூடிடலாமா?"

"கொஞ்சம் பொறுங்கண்ணே. தம்பி பாக்கணும்."

"ஒரு சிகரெட் முடியிற வரைக்கும்தான். உங்கப்பா எந்திரிச்சு வந்தா பேரம் பேசி ரெண்டு கேப்பாரு. நான் ஒண்ணுதான் தருவேன்."

அப்பா கேட்டிருப்பார்தான். லிட்டில் இந்தியாவில் சேலைக்கடை வைத்திருந்தவர். படியிறங்கிப் போகிற வாடிக்கையாளரைத் திரும்பக் கூப்பிடக் கூடாது என்பது கடையின் சட்டம். கூப்பிட்டால் விலை போச்சு. பேசாமல் புடவையை மடித்துக்கொண்டிருந்தால் அவர்களே திரும்பி வருவார்கள். வந்தார்கள். இன்னொரு சட்டமும் உண்டு: வேண்டியதை வேண்டும் என்று முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது. கடைக்கு வா என்று மகனிடம் அவர் ஒருமுறைகூட வாய்விட்டுக் கேட்காததற்கு அதுதான் காரணம். குகன் டப்ளினுக்குப் போனான். அப்பா கடையை வேறொருவருக்கு விட்டார்.

அந்த வருஷத்திலிருந்துதான் இருவரும் போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் அறுந்தது. "போன வச்சிட்டான். எறங்கிப் போறவன நான் கூப்பிடுவனா?" என்பார் அப்பா. குகனைக் கேட்டால், "அவருதான் வைக்கிறாரு கா. நானா கூப்பிட்டா எறங்கி வந்த மாதிரி ஆயிடும்" என்பான். ஒரே கல்லாவின் இரண்டு பக்கத்திலும் வளர்ந்தவர்கள். வாரம் தவறாத அழைப்பு, பண்டிகைக்கு மட்டும் என்றானது. லோகேஸ்வரிக்கு அப்போது சிரிப்புக்கூட வந்தது.

டிவி ஓரம் போய் மறுபடி அழைத்தாள். தெளிவாக வந்தான். அங்கே இன்னும் விடியவில்லை. சமையலறை விளக்கின் கீழ் சட்டை மாற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"அங்கயே நில்லு. கேக்குதில்ல? இப்ப மெதுவா பெட்டிகிட்ட நட."

நடந்தாள். படிக்கட்டை நெருங்கியதும் அறுந்தது. திரும்பி வந்தாள். மறுபடி வந்தான். மருத்துவமனைகளுக்கு நெட்வொர்க் போடுகிறவன். குரல் வேலைக் குரலாக மாறியிருந்தது. அழாமல் இருக்க அது ஒரு வழி.

"வீட்ல எத்தன ரௌட்டர்?"

"இங்க டிவிகிட்ட ஒண்ணு. மேல அப்பா ரூம்ல ஒண்ணு."

"மேலயா? யாரு வச்சது?"

"அப்பாதான். கடைய விட்ட வருஷம் பாசார் மாலாம்ல, அந்த ராத்திரிச் சந்தையில வாங்கிட்டு வந்தாரு. அரைவெல பேசி, வயரையும் ஓசியில வாங்கிட்டாருன்னு ஒரு வாரம் பீத்திக்கிட்டாரு. ரூம்ல லைன் வரலன்னு வாங்குனது."

"பேரு வேறயா, ரெண்டுக்கும் ஒண்ணா?"

"ஒண்ணுதான். ஒரு வீட்டுக்கு எதுக்குடா ரெண்டு பேருன்னு கடைக்காரன்கிட்டயே சொல்லி மாத்திட்டாரு."

குகன் கண்ணைத் துடைத்தான். "ரெண்டும் தன்னைத்தான் முதலாளின்னு நெனச்சுக்கிட்டு இருக்கு கா. போன் டிவிகிட்ட இருந்தா கீழ இருக்கிறது ஒரு நம்பர் குடுக்கும். படி பக்கம் போனா மேல இருக்கிறது புடிச்சு வேற நம்பர் குடுக்கும். பேரு ஒண்ணா இருக்கிறதால தாவுறது வெளிய தெரியாது. பேச்சு மட்டும் அறுந்துடும்."

சொல்லிவிட்டுத் திரையை நெருங்கி வந்தான்.

"அக்கா. அப்பா என்கூட எங்க நின்னு பேசுவாரு?"

லோகேஸ்வரி பெட்டியின் தலைமாட்டைப் பார்த்தாள். அங்கே உட்கார்ந்திருந்த அம்மாதான் பதில் சொன்னாள்.

"டிவிகிட்ட ஒக்காந்துதான்டா ஆரம்பிப்பாரு. சாப்ட்டியா, குளுரா, அதெல்லாம் அங்க. முக்கியமா ஏதாச்சும்னா எந்திரிச்சு மேல போயிருவாரு. என் முன்னாடி பேச மாட்டாரு."

"படி ஏறிக்கிட்டே பேசுவாரா?"

"ஆமா. கட் ஆனதுகூடத் தெரியாது அந்த மனுசனுக்கு. போனக் காதுல வச்சபடி ரூமுக்குப் போயி ரொம்ப நேரம் பேசிட்டு இருப்பாரு. அப்புறம் கீழ வந்து, வச்சிட்டான்னு சொல்லுவாரு."

"என்ன பேசுவாரு மா?"

"கதவச் சாத்திருவாருடா."

ரமணி அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"மேல போயி அந்த ரௌட்டர் சுவிட்ச அடைச்சிடுக்கா," என்றான் குகன்.

லோகேஸ்வரி படியேறினாள். வளைவில் அழைப்பு அறுந்தது. அப்பாவின் அறையில் இரும்பு அலமாரிக்கு மேல் அது இருந்தது. போன ஆயுத பூஜைக்கு அவர் வைத்த சந்தனம் காய்ந்து, குங்குமம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிற வேலைக்காரனைப் போலத் துடித்தது. சுவிட்சில் விரலை வைத்தவள் உடனே அழுத்தவில்லை. கீழே வண்டிக்காரரின் இருமல் கேட்டது. அழுத்தினாள். கதவைச் சாத்திவிட்டு இறங்கி, மறுபடி அழைத்தாள்.

இந்த முறை பெட்டிக்கு நேர் மேலே கைப்பேசியைப் பிடித்தபோதும் குகன் போகவில்லை. படம் கொஞ்சம் மங்கல். ஆனால் நின்றது.

"தெரியுதாடா?"

"தெரியுது. அப்பாவுக்கு மூக்குக் கண்ணாடி போடலையா?"

"ராஜன் அண்ணே வேணாம்னாரு. தீயில வெடிக்குமாம்."

"சரி."

முதலில் தன் பங்கைப் போட்டாள். பிறகு இன்னொரு பிடி அள்ளினாள்.

"இது உன்னுது."

குகன் டப்ளினில் வெறுங்கையை நீட்டி, விரல்களைக் குவித்து, மெல்லத் திறந்தான். அவன் திறந்தபோதே அவளும் திறந்தாள். அரிசி உதட்டில் விழுந்து, கொஞ்சம் கழுத்துப் பக்கம் சிந்தியது.

"அப்பா," என்றான் குகன். "நான் வைக்கலப்பா."

ராஜன் சிகரெட்டை எப்போதோ அணைத்திருந்தார். கூடுதலாக ஒரு நிமிஷம் தலை குனிந்து நின்றுவிட்டுத்தான் மூடியைத் தொட்டார்.

வண்டி போனது. ஆண்கள் பின்னால் போனார்கள். அம்மாவைத் தலைமுழுக வைக்க ரமணி அத்தை கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். லோகேஸ்வரி கூடத்தைக் கழுவித் தள்ளினாள். சிதறிய அரிசி தண்ணீரோடு வாசல் வரை போய்த் தங்கியது. டிவி மேல் சாய்த்து வைத்திருந்த கைப்பேசியை அப்புறம்தான் பார்த்தாள். அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. குகன் அதே நாற்காலியில் இருந்தான். ஜன்னலில் வெளிச்சம் வந்திருந்தது.

"இன்னும் வைக்கலையாடா?"

"நீ வை கா."

அவள் வைக்கவில்லை. சார்ஜ் குறைந்திருந்தது, நீள வயரை எடுத்துச் செருகினாள். கைப்பேசியோடு படியேறி, வளைவில் உட்கார்ந்தாள். படம் ஒரு தடவை நடுங்கி, நின்றுகொண்டது.

"அந்தப் பக்கம் திருப்பு கா," என்றான்.

அப்பாவின் அறைக் கதவு தெரியும்படி திருப்பிப் பிடித்தாள். அது சாத்தியிருந்தது. ஈரக் கை வலித்தபோது, இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.