கடலை மிட்டாய் ஐஸ்

பஞ்சவர்ணத்தின் இடது பாதத்தில் செருப்பு ஆணி ஏறியிருந்தது. அன்று முழுக்க அதோடேயே நடந்திருக்கிறாள். ராத்திரி வேலை விட்டு வந்த புருஷன் உத்தமன்தான் தரையெல்லாம் ரத்த அடிகளைப் பார்த்துக் கத்தினான். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பதினோரு வருஷத்துச் சர்க்கரை வியாதி அவள் காலின் உணர்ச்சியை எப்போதோ தின்று தீர்த்திருந்தது. வெந்நீர் பட்டாலும் ஒன்றுதான், கல் இடித்தாலும் ஒன்றுதான்.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம், தை மாசம். பங்குனி பிறந்தும் புண் மூடவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே எட்டணா அகலத்துக்குக் குழி விழுந்து, ஓரமெல்லாம் வெளுத்துக் கிடந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு உத்தமனிடம் பச்சையாகச் சொன்னார்.

"நான் மருந்து வெச்சா மட்டும் ஆறாது. சதை வளரணும்னா உள்ள சத்து போகணும். சோத்தைப் பாதியா குறைங்க. முட்டை வெள்ளை, வேர்க்கடலை, பாலைத் திரிய வெச்ச கட்டி, இதெல்லாம் குடுங்க. இன்னும் ஒரு மாசம் பார்ப்பேன். மூடலைன்னா காலை எடுக்கறதைத் தவிர வேற வழியில்லை."

சொல்வது சுலபம். பஞ்சவர்ணத்துக்கு முட்டை வாடை ஆகாது. அவித்துக் கொடுத்தால் ஓங்கரிப்பாள். மிளகு போட்டுப் பொரித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் வாய் மிட்டாய்க்குப் பழகின வாய். கள்ளிக்குப்பத்தில் பரந்தாமன் மிட்டாய்க் கொட்டகையில் பதினாலு வருஷம் வெல்லப்பாகு காய்ச்சிக் கடலை மிட்டாய் தட்டியவள். பாகு பதம் வந்துவிட்டதா என்று அடுப்பிலிருந்து பத்தடி தள்ளி நின்றே மூக்கால் சொல்லிவிடுவாள். பதம் பார்க்க விரலில் எடுத்து நக்கி நக்கித்தான் இந்த வியாதி வந்தது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வியாதிக்கு அதெல்லாம் கணக்கில்லை. ஆனால் அவளும் அதையே நம்பினாள்.

"ஒரே ஒரு கடலை மிட்டாய் குடுய்யா. அத்தோட நாலு முட்டை துன்றேன்."

"குடுத்தா சக்கரை ஏறும். ஏறினா காலு போவும்."

"இப்ப மட்டும் நிக்கப் போவுதா?"

உத்தமன் முட்டைக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளுவான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்புப் பட்டறையில் உலை முன்னால் வேலை அவனுக்கு. மதியம் இரண்டு மணிக்குப் போனால் ராத்திரிதான் வருவான். அதுவரைக்கும் வீட்டில்தான். அந்தப் பகல் பொழுதில்தான் அவள் எப்படி ஒடுங்கிக்கொண்டிருக்கிறாள் என்று கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது.

வழி சொன்னவள் பக்கத்து வீட்டு ஜமீலா. அவள் புருஷன் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் குல்பி ஐஸ் விற்கிறவன்.

"ஐஸா பண்ணிக் குடு அண்ணாத்தே. சில்லுனு இருந்துச்சினா முட்டை வாடையே தெரியாது. எங்க ஊட்டுக்காரரு குல்பியில பால் பொடி வாடைய மறைக்கறதே அப்டித்தான்."

"எங்க ஊட்ல பிரிட்ஜ் ஏது?"

"ஐய, பிரிட்ஜ் எதுக்கு? ஐஸ் கட்டிய ஒடச்சி பக்கெட்ல போடு. கல்லுப்ப அள்ளிக் கொட்டு. நடுவுல தூக்குல பால வச்சி சுத்திகினே இரு. உப்பு சேர்ந்தா ஐஸ் இன்னும் சில்லாவும். பாலு தன்னால இறுகிடும்."

மறுநாள் மீன் மார்க்கெட்டில் அரைக் கட்டி ஐஸ் வாங்கி, கோணியில் சுற்றி சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு வந்தான். வழியெல்லாம் ஒழுகிக் கால் பங்கு போய்விட்டது. பாலைத் திரியவைத்துத் துணியில் கட்டிப் பிழிந்த கட்டி, வறுத்து அரைத்த வேர்க்கடலை, சூடான பாலில் அடித்து ஊற்றிய நாலு முட்டை வெள்ளை, இனிப்புக்கு மருந்துக் கடையில் வாங்கிய சாக்கரின் மாத்திரை. எல்லாவற்றையும் எவர்சில்வர் தூக்கில் ஊற்றித் தகர பக்கெட்டில் இறக்கிச் சுற்றினான். கை வலிக்கும்போது பீடி பற்றவைத்துக்கொண்டு ஓய்ந்து ஓய்ந்து சுற்றினான்.

வந்தது ஐஸ் இல்லை, கல். கரண்டி உள்ளே இறங்கவில்லை. கத்தியால் கொத்தி ஒரு சில்லை அவள் வாயில் வைத்தான். பஞ்சவர்ணம் அதைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அவனையே பார்த்தாள்.

"இன்னாய்யா இது? உன் கம்பெனியில ஊத்தின வார்ப்பா?"

"நல்லா இல்லியா?"

"கசக்குது. எத்தினி மாத்திரை போட்ட?"

"எட்டு."

"எட்டா! ரெண்டு போட்டா இனிப்பு, நாலு போட்டா வேப்பங்காய். அத்த அடுப்புல வேற கொதிக்க வச்சியா?"

"ஆமா."

"நெனச்சேன்." வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். ஆணி ஏறின நாளிலிருந்து அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை. "சக்கரை போட்ட பாலு எளகி வரும். போடாத பாலு கல்லாத்தான் போவும். அத்த ஒரு நிமிசம் ஓய விடக்கூடாது. பீடி குடிச்சிகினு சுத்தற வேலையா இது? நாளைக்கு நா பாத்துக்கறேன், நீ ஐஸ் மட்டும் கொண்டா."

மறுநாள் அவள்தான் தலைமை. கடலையை அவன் வறுத்தபோது பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"எறக்காத. இன்னும் ஒரு சுத்து கருகட்டும்."

"தீஞ்சிடும் பஞ்சு."

"தீயட்டும். வெல்லப்பாகு அடிப் புடிக்கப்போறதுக்கு முன்ன ஒரு வாசனை வரும் பாரு, அது வேணும். வெல்லம்தான் இல்ல, வாசனையாவது வரட்டும்." ஏலக்காய், சுக்கு, ஒரு சிட்டிகை உப்பு எல்லாம் அவள் கை அளவு. பாதிக் கடலையை மசிய அரைக்கச் சொன்னாள், மீதியை ஒன்றிரண்டாகப் பொடிக்கச் சொன்னாள். "பல்லுல மாட்டணும். அப்பத்தான் மிட்டாய்."

மாத்திரை இரண்டே இரண்டு, அதுவும் பால் ஆறின பிறகு.

பிறகு பக்கெட்டை இழுத்துச் சுவரோரம் வைத்தாள். இடது காலைக் கட்டோடு ஓரமாக நீட்டிக்கொண்டாள். வலது பாதத்தைப் பக்கெட்டின் வயிற்றில் வைத்துச் சுவரோடு சேர்த்து அமுக்கினாள். மிட்டாய்க் கொட்டகையில் எல்லாப் பொம்பளையும் அப்படித்தான். பாகு இறுகி வரும்போது இரண்டு கையாலும் துடுப்புப் போட்டுக் கிளற வேண்டும், பிடித்துக்கொள்ள ஆள் இருக்காது. சூடு படாமல் பாத்திரத்தைச் சுற்றிக் கோணியைக் கொடுத்துக் காலால்தான் இறுக்கிக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில் காலைக் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் தூக்கைத் திருப்பித் திருப்பிச் சுற்றினாள். தகரத்தின் வெளியே வெள்ளையாகப் பனி பூத்தது. உருகின உப்புத் தண்ணீர் விளிம்பு தாண்டி வழிந்து பாதத்தின் மேல் ஓடியது.

"உப்பு பத்தல, இன்னும் ரெண்டு கை போடு" என்றாள். உத்தமன் அள்ளிப் போட்டான்.

முக்கால் மணி நேரம். அவள் நிறுத்தவே இல்லை. நெற்றியில் வியர்த்து, முந்தானை நழுவி, பழைய மிட்டாய்க் கொட்டகைக்காரியாக அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

தூக்கைத் திறந்தபோது கரண்டி வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கடலை பல்லில் நொறுங்கும் சத்தம் அவனுக்கே கேட்டது.

"இன்னா பஞ்சு?"

"மிட்டாய் இல்ல." இன்னொரு வாய் வைத்தாள். "ஆனா மிட்டாயோட தங்கச்சி."

கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டாள். நாலு முட்டை வெள்ளையும் உள்ளே போயிற்று, ஓங்கரிக்கவில்லை. அவள் காலைத் துடைத்துவிடும்போது வலது பாதத்தின் உள்பக்கம் வெள்ளையாக இருந்தது. உப்புப் பூத்திருக்கிறது என்று ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தான்.

தினமும் அதே வேலை ஆயிற்று. காலையில் மார்க்கெட், பத்து மணிக்குப் பக்கெட். ஜமீலா கூட ஒரு கிண்ணம் வாங்கிப் போய்ப் புருஷனுக்குக் கொடுத்தாள். "எங்க ஊட்டுக்காரரு கேக்கறாரு அக்கா, வண்டியில போட்டு விக்கலாமான்னு." பஞ்சவர்ணம், "கத்துக் குடுக்கறேன், காசு குடுக்கணும், சொல்லு" என்றாள். ஆறாம் நாள் கட்டு மாற்றப் போனபோது, நர்ஸ் ஞானம்மாள் இடது புண்ணைப் பார்த்துவிட்டு, "யம்மா, செவப்பா சதை வந்துனு கீதே! இன்னா மாயம் பண்ணே?" என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார்கள். வலது காலில் செருப்பு இருந்தது. அதை யாரும் கழற்றச் சொல்லவில்லை.

எட்டாம் நாள் காலையில் அந்தப் பாதத்தில் கொப்புளங்கள் தெரிந்தன. மூன்று, ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் மாதிரி. "செருப்பு கடிச்சிருக்கும்" என்றாள். அவன் மஞ்சள் அரைத்துப் போட்டான். அன்றைக்கும் ஐஸ் சுற்றினாள், காலை மட்டும் துணி சுற்றி வைத்தாள். பதினோராம் நாள் கொப்புளம் உடைந்து உள்ளே கறுத்திருந்தது. பதிமூன்றாம் நாள் நாற்றம் வந்தது. காய்ச்சல் அடித்தது. உத்தமன் வேலைக்குப் போகாமல் அவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினான்.

டாக்டர் அவனைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"வலது கால் எப்படிச் சுட்டுச்சு?"

"சுடலியே சார். நெருப்பு கிட்டவே போவல."

"பாதத்துல தொடர்ந்து எதாவது பட்டுதா?"

உத்தமன் யோசித்து யோசித்துச் சொன்னான். ஐஸ், உப்பு, பக்கெட். சொல்லிக்கொண்டு வரும்போதே டாக்டர் முகம் மாறுவதைப் பார்த்து அவன் குரல் இறங்கிப்போனது.

"உப்பு போட்ட ஐஸ் சாதா ஐஸ் இல்லப்பா. நெருப்பு மாதிரியே சதையைக் கொன்னுடும். நீயோ நானோ ஒரு நிமிஷத்துல காலை எடுத்துடுவோம். அவங்களுக்குத்தான் தெரியாதே. முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். நாளைக்கே. இல்லன்னா விஷம் மேல ஏறிடும்."

"சார், அந்த இன்னொரு காலு?"

"அது நல்லா ஆறிட்டு வருது. அந்தச் சாப்பாட்டை விட்டுடாதீங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் இன்னும் அதிகமா வேணும்."

இருபத்தி ரெண்டு வருஷமாக உலை முன்னால் நிற்பவன். உருகின இரும்பு ஒரு சொட்டுத் தெறித்தால் எந்தப் பக்கம் குதிக்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். ஆணி ஏறினதே தெரியாத கால் என்று அவனுக்கும் தெரியும். தெரிந்தும் ரெண்டு கை உப்பை அவனே அள்ளிப் போட்டிருக்கிறான். ஞானம்மாள் ஆபரேஷன் சம்மதக் காகிதத்தை நீட்டி, அதில் 'வலது' என்று எழுதியிருந்த இடத்தை விரல் வைத்துக் காட்டி, "படிச்சிக்கோ, அப்பால போடு" என்றாள். போட்டான். கையெழுத்து அவன் கையெழுத்து மாதிரியே இல்லை.

வார்டுக்குள் போனான். பஞ்சவர்ணத்திடம் வியாதி அந்தக் காலுக்கும் இறங்கிவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அப்படியே இருக்கட்டும் என்று வழியிலேயே முடிவு செய்துகொண்டான். எட்டு நாள் அவள் சிரித்த சிரிப்பையும் சேர்த்து எதற்கு வெட்டி எடுக்க வேண்டும்?

அவள் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டிலில் இருந்த கன்னியம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். கன்னியம்மா ஆவடிப் பக்கம் கட்டட வேலை பார்க்கிற பொம்பளை. அவளுக்கும் சர்க்கரை, அவளுக்கும் பாதத்தில் கட்டு.

"இந்தக் காலுக்கு நேரம் சரியில்ல. ஆனா அந்தக் காலு பொழச்சிச்சே, அது எப்டின்ற? ஐஸாலதான். இதோ இவரத்தான் கேளு." உத்தமனைப் பார்த்துக் கை நீட்டினாள். "முட்டை வாடையே வராது, அக்கா. கடலைய கருக்க வறுக்கணும். மாத்திரை ரெண்டு. உப்ப கஞ்சத்தனம் பண்ணாத. முக்கியமா பக்கெட்டு ஆடக்கூடாது. சொவத்தோட ஒட்டி வச்சி, காலால இறுக்கி..."

"வேணாம்மா" என்றான் உத்தமன்.

கன்னியம்மா திரும்பிப் பார்த்தாள். "இன்னா அண்ணே?"

"கால்ல புடிக்காதீங்க. யாரையாவது புடிச்சிக்கச் சொல்லுங்க. உங்க காலுக்குத் தெரியாது. அந்த உப்புத் தண்ணி... அது சதைய பொசுக்கிடும்."

மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் பஞ்சவர்ணத்துக்குப் புரிந்துவிட்டது. பதம் தப்பின பாகை மூக்காலேயே கண்டுபிடிக்கிறவள். கட்டிலின் கீழ்ப்பக்கம் போர்வைக்குள் மேடாக இருந்த இரண்டு பாதங்களையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"டாக்டரு சொன்னாரா?" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"உனுக்கு எப்பத் தெரியும்?"

"இப்பத்தான்."

தலையை ஆட்டினாள். தலையணையைச் சரிசெய்ய அவன் கிட்டே போனபோது அவன் கையை விலக்கிவிட்டாள். கோபத்தில் விலக்கின மாதிரியும் இல்லை.

"உப்பு போடச் சொன்னது நாந்தான்" என்றாள். பிறகு கன்னியம்மாவுக்கு முதுகு காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஆபரேஷனுக்குத் தூக்கிப் போகிற வரைக்கும் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.