பெரியத்தா வீட்டுக்கு நான் குடுத்த பஞ்சம்

1
இந்தக் கதை எங்கருந்து வந்துச்சுன்னு மொதல்லயே சொல்லிர்றேன்: நான் சொன்ன ஒரு பொய்யிலருந்து. எல்லாரும் தூங்கிட்டாக. நீங்க யாருன்னே தெரியாது, அதனாலதான் ஒங்கட்ட சொல்றேன்.

2
‘1961ஆம் ஆண்டு, திண்டுக்கல் மலைக்கோட்டையின் நிழலிலே...’ (வேணாம். ஸ்கூல் கட்டுரை மாதிரி இருக்கு.)

‘பெரியத்தா தோட்டத்து மாதுளை மரத்தடியிலதான் நான் எழுத்துக் கூட்டி...’ (இதுவும் வேணாம். அழுகை வந்துரும்.)

நேராவே சொல்றேன். என்னப் பெத்த அத்தாவோட அண்ணன், எங்க பெரியத்தா, போன வருசம் மவுத்தாகிக் கண்ண மூடிட்டாக. புள்ளைக இல்ல. “வீட்டையும் தோட்டத்தையும் ஊருக்கே விட்ருங்க, சனம் வந்து ஒக்காரட்டும்”னு அத்தாட்ட சொல்லிட்டுப் போனாக. அத்தா முனிசிபாலிட்டிக்கு எழுதிப் போட்டாக. எங்க அண்ணன் கிதர் முகம்மதுக்கு அது புடிக்கல. “முனிசிபாலிட்டி வேணாம்னு சொன்னா, மரத்த வெட்டிட்டுத் தோல் அடுக்கி வைக்கக் கிட்டங்கி போட்ருவேன்”னுச்சு.

3
முனிசிபாலிட்டி மெம்பர் வந்து சுத்திப் பாத்தாரு. “பழசுதான். ஆனா இதுல என்ன விசேசம்?”

அண்ணன், “வவ்வாலு இருக்குங்க”ன்னுச்சு.

நான் வாயத் தொறந்தேன். “பஞ்சத்துல ஊருக்கே இங்கதான் கஞ்சி ஊத்துனாக. அந்தா, அந்த அண்டாவுலதான்!”*

மெம்பர் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. “முனிசிபாலிட்டியே எடுத்துக்கிரும்”னாரு. வீடு தப்பிச்சிருச்சு.

(*அது நோன்புக் கஞ்சி அண்டா. நோன்பு மாசம் பூரா, எல்லாச் சாதிக்காரவுகளும் தூக்குவாளியோட வந்து வாங்கிட்டுப் போவாக. அதுல என்ன விசேசம்னு கேட்ருவாருன்னுதான் நான் அதச் சொல்லல.)

4
இப்ப அந்த வீட்டு வாசல்ல, பெரியத்தா பேரும் பஞ்சக் கஞ்சிக் கதையும் கொத்திக் கல்லு வைக்கப் போறாக. கல்லு கொத்துற சூசைராஜ் மாமா நேத்து கேட்டாரு.

“எந்த வருசப் பஞ்சம், நர்கீசு? விடிஞ்சதும் வாரேன், சொல்லிரு. கல்லுல தப்பாக் கொத்துனா ரப்பர் வச்சு அழிக்க ஏலாது.”

பால்காரப் பேச்சாயி பக்கத்துல நின்னுச்சு. “ஏத்தா, நானே குடிச்சிருக்கேன்! ஒம்பது வயசு இருக்கும். பூண்டும் வெந்தயமும் என்னமா மணக்கும்!”

பஞ்சக் கஞ்சியில யாரு பூண்டு போடுவா? அது குடிச்சது நோன்புக் கஞ்சி.

5
முடிவு ஒண்ணு: உண்மையச் சொல்றேன். மெம்பர் கோவிச்சுக்கிறாரு. அண்ணன் கோடாலியோட வருது.

முடிவு ரெண்டு: வாய்க்கு வந்த வருசத்தச் சொல்றேன். மரம் நிக்கும். ஆனா கல்லுல பெரியத்தா பேருக்குக் கீழ என் பொய்யி. அவுக நெசமாச் செஞ்சது எங்கயும் இருக்காது.

‘நோன்புக் கஞ்சி’ன்னே கொத்தச் சொல்லலாம். அது எல்லாத் தெருவுலயும் உண்டேன்னு மெம்பர் கேட்டா நான்...

பள்ளிவாசல்ல விடியக்காலப் பாங்கு சொல்லிட்டாக. வாசல்ல வண்டிச் சத்தம். மாமாதான்.

நான் என்ன சொன்னேன்னு இங்க எழுதப் போறதில்ல. நீங்க அந்தப் பக்கம் போனா, தோட்டத்துக் கதவு தொறந்திருந்தா, உள்ள போயி கல்லப் படிச்சுக்கங்க. கதவுகிட்டயே தோல் நாத்தம் அடிச்சா, பேசாமத் திரும்பிருங்க.