டீக்கன் பஸ்ஸில் போன நாள்

கார் பறிபோய்விடும் என்ற பயத்தில்தான் ஹோரஸ் கிடன்ஸ் அந்தக் காரியத்தைச் செய்தார். மஞ்சள் கடுதாசி கொடுத்துத் திவாலாகப் போகிறவன் தன் பேரில் ஒரு துரும்புகூட வைத்திருக்கக் கூடாது, கோர்ட்டு எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விடும் என்று முடிவெட்டும் கடையில் ஒருவன் அடித்துச் சொன்னான். எங்கள் மேக்கன் ஊரில் முடிவெட்டும் கடையில் கிடைக்காத சட்ட ஆலோசனை இல்லை.

"காரை உங்க ஆளுங்க யாரு பேருக்காவது மாத்திடுங்க டீக்கன். ஒரு டாலருக்கு வித்ததா எழுதினா போதும். உங்களுதே இல்லாததை அவன் எப்படி எடுப்பான்?" என்றான். அவன் வாழ்க்கையில் கோர்ட்டுப் பக்கம் போனது குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்கு மட்டும்தான். ஹோரஸுக்கு அதெல்லாம் அப்போது தோன்றவில்லை.

மனைவி மர்ட்டிஸ் இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரிக் கடன் மட்டும் போகாமல் வீட்டோடு தங்கிவிட்டது. அவருக்கென்று மிச்சம் இருந்தது அந்தச் சாம்பல் நிற ப்யூக் ஒன்றுதான். பழைய வண்டி, ஆனால் கடன் பாக்கி இல்லாத வண்டி. ஞாயிறுதோறும் நடக்க முடியாத மூன்று அம்மாமார்களை அதில் ஏற்றிக்கொண்டு போய், சபை வாசலில் டீக்கன்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் நிறுத்துவார். இறங்கி ஒவ்வொரு கதவாகத் திறந்துவிடுவார். பாஸ்டருக்கு அடுத்த மரியாதை டீக்கனுக்கு. அந்த மரியாதை பாதி தன்னிடமும் பாதி ப்யூக்கிடமும் இருப்பதாக அவர் மனசுக்குள் ஒரு கணக்கு.

ஆகவே வண்டிகளைப் பதிவு செய்கிற டேக் ஆபீசுக்குப் போய், மர்ட்டிஸின் தங்கை வெர்லீன் பேருக்குக் காரை மாற்றி எழுதிவிட்டார். வெர்லீன் விளையாட்டுக்கு அல்ல, நிஜமாகவே ஒரு டாலரை எடுத்துக் கொடுத்தாள். "நாளைக்கு சும்மா வாங்கிட்டேன்னு யாரும் சொல்லக் கூடாது பாரு" என்றாள். அந்த டாலரைச் செலவழிக்க அவருக்கு மனசு வரவில்லை. பர்ஸின் மடிப்பில் அப்படியே கிடந்தது. சாவி அவரிடமே இருந்தது, ஞாயிற்றுக்கிழமை சவாரியும் எப்போதும் போல நடந்தது. சமீபத்தில் எதையாவது யாருக்காவது கொடுத்தீர்களா, விற்றீர்களா என்று வக்கீல் கேட்டபோது இல்லை என்று தலையாட்டினார். அப்படியே எழுதி, கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள்.

விசாரணைக்குக் கூப்பிட்ட செவ்வாய்க்கிழமை காலையில் ப்யூக்கில்தான் போனார். கட்டிடத்துக்கு முன்னால் நிறுத்தத் தைரியம் வரவில்லை. நாலு தெரு தள்ளி, பூட்டிக் கிடந்த செருப்புக்கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நடந்தார். தன் காரைத் தானே திருடிக்கொண்டு போகிறவர் போல இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அந்த அறை ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் அறை மாதிரி இருந்தது. கடனாளிகள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவராக முன்னால் கூப்பிட்டு, வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்யச் சொல்லி, டிரஸ்டி கேள்வி கேட்பார். கடனாளியின் சொத்தைப் பார்த்து, விற்கக்கூடியதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கு போடுகிறவர் அவர். ஹாலோவெல் என்று பெயர். ஒருவனைக் கேட்பது மற்ற எல்லோர் காதிலும் விழும். தனியாக அவமானப்படுகிற வசதி அங்கே கிடையாது.

ஹோரஸ் கடைசி வரிசையில் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தெரிந்த முகம் ஒன்றும் இருக்கக் கூடாது கர்த்தாவே என்று வேண்டிக்கொண்டு நிமிர்ந்தால், முன்வரிசையில் ஊதா நிறத் தொப்பி. சபைப் பாடகர் குழுவில் நிற்கிற டெஸ்ஸி ரேபர்ன்.

வேறு யாராக இருந்தாலும் பரவாயில்லை. போன குளிர்காலத்தில் கரண்டு பில் கட்ட முடியாமல் டெஸ்ஸி சபையின் உதவி நிதியைக் கேட்டு வந்தாள். நிதிக் குழுவுக்குத் தலைவர் ஹோரஸ். பத்துப் பேர் முன்னால் அவளை நிற்க வைத்து, "கேபிள் டிவி அவசியமா, சிஸ்டர்?" என்று கேட்டார். நல்ல கணீரென்ற குரல் அவருக்கு. டெஸ்ஸி உதவியே வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்குத் தான் கண்டிப்பாக நடந்துகொண்டதாக அவர் பெருமைகூடப் பட்டார்.

முதலில் டெஸ்ஸியைத்தான் கூப்பிட்டார்கள்.

"கார் இருக்கா, மிஸ் ரேபர்ன்?"

"இருக்கு சார். பழைய ஷெவி. ஹீட்டர் ஓடாது, ரேடியோ ஓடும். இன்னிக்குக் காலைல பேட்டரியும் செத்துப்போச்சு. அதையும் எழுதணுமா?"

அறையே சிரித்தது. ஹாலோவெல்லும் சிரித்துவிட்டார். "வேண்டாம்மா. ஐயாயிரம் டாலர் பெறுமானம் வரைக்கும் காரை உங்ககிட்டயே விட்டுடச் சட்டம் இருக்கு. வச்சுக்குங்க."

ஹோரஸ் அதைக் கேட்டார். நன்றாகவே கேட்டார். ப்யூக்கை விற்றால் நாலாயிரம் தேறினால் அதிகம். ஒளிக்க வேண்டிய தேவையே இல்லாத ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறோம் என்று புரிந்தபோது உடம்பெல்லாம் சுட்டது. எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் இல்லை என்று ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று. அதோ, டெஸ்ஸி வேறு போகாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். கையைத் தூக்கினார். கார் ஏதும் இல்லை என்றார்.

"சமீபத்துல எதையாவது யாருக்காவது குடுத்தீங்களா, வித்தீங்களா, பேர் மாத்தினீங்களா?"

"இல்ல சார்." அதே கணீரென்ற குரல். பழக்க தோஷத்தில் அதுபாட்டுக்கு வந்துவிட்டது.

வெளியே வந்தால் டெஸ்ஸி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"டீக்கன், வீட்டுக்குத்தானே? போற வழியில என்னையும் இறக்கி விட்டுடுங்களேன். மருமவன் கொண்டாந்து விட்டுட்டு வேலைக்குப் போயிட்டான்."

காரே இல்லை என்று இப்போதுதான் சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறார். "நான்... பஸ்ல வந்தேன், சிஸ்டர்."

டெஸ்ஸி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "அப்படியா? அதுவும் நல்லதாப் போச்சு. பேச்சுத்துணையாச்சு, வாங்க."

பஸ் எங்கே நிற்கும் என்பதே அவருக்குத் தெரியவில்லை. டெஸ்ஸிதான் கூட்டிக்கொண்டு போனாள். பஸ் வந்ததும் ஐந்து டாலர் நோட்டைத் தலைகீழாகப் பெட்டியில் திணித்தார். அது வெளியே துப்பியது. மறுபடி திணித்தார், மறுபடி துப்பியது.

"பெரியவரே, மொதத் தடவையா?" என்றாள் டிரைவர். மூக்குத்தி போட்ட இளம்பெண். "நோட்டோட மொகத்தைத் திருப்பிப் போடுங்க. சில்லறை தராது, சொல்லிட்டேன்."

காலையில் பஸ்ஸில் வந்த மனிதர் இவர். டெஸ்ஸி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹோரஸுக்குக் காது மடல் வரை எரிந்தது.

உட்கார்ந்ததும் பையிலிருந்து வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்து நடுவில் வைத்தாள். ஈஸ்டருக்கு என்ன பாட்டு, புதுப் பியானோக்காரன் எப்படித் தாளத்தை விட்டுவிட்டு ஓடுகிறான், பாஸ்டர் மனைவிக்கு முட்டி வலி தேவலையா என்று பேசிக்கொண்டே வந்தாள். விசாரணையைப் பற்றி மூச்சு விடவில்லை. கேட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். கேட்காமல் கடலைத் தோலை உரித்து உரித்து அவர் கையில் போட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

பஸ் சபையைத் தாண்டிப் போனது. டீக்கன்களுக்கு ஒதுக்கிய இடம் காலியாகக் கிடந்தது.

"சிஸ்டர்" என்றார். "என் காரு..."

"செருப்புக்கடைக்குப் பின்னாடி நிக்குது" என்றாள் டெஸ்ஸி. "பாத்தேன். மருமவன் அந்த வழியாத்தான் வண்டியில கூட்டியாந்தான். கையக்கூட அசைச்சேன். நீங்க திருதிருன்னு முழிச்சுக்கிட்டே போனீங்க."

"தெரிஞ்சேவா பஸ் ஏறினீங்க?"

"நீங்க ஏறினீங்களே." கையில் இருந்த தோலைப் பொட்டலத்தில் போட்டாள். "எனக்கு ஒரே ஒரு கேள்வி. பஸ்ல வர்றது அவசியமா, டீக்கன்?"

அவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. பஸ்ஸின் தரை பிளந்து தன்னை விழுங்கிக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது. அந்தத் தொப்பிக்குள்ளேயே எல்லாவற்றையும் சொன்னார். முடிவெட்டும் கடை, வெர்லீன், ஒரு டாலர், வக்கீல், கையெழுத்து.

"அன்னிக்கு உங்கள அத்தனை பேரு முன்னாடி அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, சிஸ்டர்."

"கேட்டிருக்கக் கூடாதுதான். பத்து நாள் கரண்டு இல்லாம இருந்தேன். கேபிளும் தன்னால நின்னுபோச்சு. நீங்க கேட்ட அவசியம் தீந்துது." அவள் சிரிக்கவில்லை. கடலைப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே, "அந்த டிரஸ்டி சாயங்காலம் வரைக்கும் இருப்பாராம். என் வக்கீல் சொன்னாரு" என்றாள்.

"சொன்னா கார் போயிடும்."

"போயிடும்."

"வெர்லீன் என்னை வெட்டிப் போட்டுடுவா."

"அது அவ இஷ்டம்."

அவர் கையை நீட்டி மணிக் கயிற்றை இழுத்தார். இரண்டு பேரும் இறங்கி, சாலையைத் தாண்டி, எதிர்ப்பக்க நிறுத்தத்தில் நின்றார்கள். நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "நடுவுல நீங்க மனசு மாறி வேற பஸ் ஏறிடக் கூடாது பாருங்க" என்று சொல்லி அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அங்கே நின்றுகொண்டே வெர்லீனுக்குப் போன் செய்தார். அவள் கத்தியது டெஸ்ஸிக்கும் கேட்டது.

"என் பேருல இருக்கற காரை நீ ஏன்யா போய் உளர்ற? எனக்கு நோட்டீசு வருமா? என் வாசல்ல கோர்ட்டுக்காரன் வந்து நிப்பானா? எங்கக்கா உசுரோட இருந்திருந்தா உன் தோலை உரிச்சிருப்பா!"

"அவ இருந்திருந்தா இதைச் செய்யவே விட்டிருக்க மாட்டா, வெர்லீன்."

வெர்லீனின் குரல் இறங்கியது. பிறகு, "என் ஒரு டாலரைத் திருப்பிக் குடுத்துடு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஹாலோவெல் மேஜையில் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மதியத்துக்கான ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நிறைந்த அறை. தனியாகப் பேச முடியுமா என்று கேட்க வாய் திறந்தவர், டெஸ்ஸி நின்ற பக்கம் பார்த்துவிட்டு, அங்கேயே எல்லோர் காதிலும் விழச் சொன்னார். இந்த முறை குரல் கணீரென்று வரவில்லை. இரண்டு இடத்தில் உடைந்தது.

டிரஸ்டி கைகளைத் துடைத்துக்கொண்டார். "எழுதியிருந்தா அந்தக் காரை நான் தொட்டிருக்கவே முடியாது, மிஸ்டர் கிடன்ஸ். புரியுதா? நீங்களா கைமாத்தி மறைச்சதனால, திரும்பி வந்தாலும் அதுல உங்களுக்குப் பாத்தியதை கிடையாது. வித்துடுவோம்."

"புரியுது சார்."

"நீங்களா வந்து திருத்தினதையும் எழுதிக்கறேன். சொல்லாம விட்டிருந்தா கார் மட்டும் போயிருக்காது, நீங்களும் சேந்து உள்ள போயிருப்பீங்க. வண்டி எங்க?"

"செருப்புக்கடைக்குப் பின்னாடி" என்றார் ஹோரஸ். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாவிக் கொத்தை எடுத்தார். அதில் சபையின் பக்கவாசல் சாவியும் இருந்தது. வளையத்திலிருந்து அதைக் கழற்ற வெகுநேரம் ஆயிற்று. கழற்றியதைப் பையில் போட்டுக்கொள்ளவும் கூச்சமாக இருந்தது. கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

திரும்பவும் அதே நிறுத்தத்தில் காத்திருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை சீக்கிரம் ரெடியா இருங்க" என்றாள் டெஸ்ஸி. "பேட்டரி மாத்திடுவேன். அம்மாமாருங்க மூணு பேரையும் ஏத்திக்கிட்டு வரேன். நீங்க பின்னாடி நடுவுல இடுக்கிக்கிட்டு உக்காந்துக்குங்க."

"அவங்க கேப்பாங்களே சிஸ்டர், கார் எங்கன்னு."

"கேக்கத்தான் செய்வாங்க."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"நான் எதுக்குச் சொல்லணும்? உங்களுக்கு வாயில்லையா?"

பஸ் வந்தது. அதே மூக்குத்திப் பெண். ஹோரஸ் பர்ஸைத் திறந்தால் வெர்லீனின் அந்த ஒரு டாலரைத் தவிர வேறு நோட்டு இல்லை. அதையே எடுத்தார், குறைந்த சில்லறையை டெஸ்ஸி போட்டாள். இந்த முறை நோட்டின் முகத்தைச் சரியாகத் திருப்பித்தான் கொடுத்தார். பெட்டி ஒரே இழுப்பில் இழுத்துக்கொண்டது.

"என்ன பெரியவரே, மறுபடியுமா?" என்றாள் டிரைவர். "கார் ரிப்பேரா?"

நல்ல வார்த்தை. ஆமாம் என்றால் போதும், யாருக்கும் நஷ்டமில்லை. பின்னால் ஏறக் காத்திருந்தவர்கள், முன் சீட்டில் காய்கறிப் பையோடு இருந்த இரண்டு பெண்கள், எல்லோரும் அவர் பதிலுக்காகக் காத்திருப்பது போலிருந்தது. டெஸ்ஸி உதவிக்கு வரவில்லை. தாண்டிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"ரிப்பேர் இல்லம்மா" என்றார் ஹோரஸ். "கடன்காரங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு ஒளிச்சு வச்சேன். போயிடுச்சு."

காய்கறிப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சரி, உள்ள போங்க பெரியவரே" என்றாள். "பின்னாடி ஆளு நிக்கறாங்க."