நான்கு விரல் அகலம்

ரயிலின் ஐந்தாம் பெட்டியை ஜாக்கிகள் சக்கரங்களுக்கு மேலே தூக்கி நிறுத்திய பிறகுதான் ஜன்னலில் அண்ணனின் வழுக்கைத் தலையைப் பார்த்தேன். பக்கத்தில், நான் வாங்கிக் கொடுத்த நீலச் சால்வையைப் போர்த்திக்கொண்டு அம்மா. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அதே சால்வையோடு சமையலறையில் உட்கார்ந்து, "இன்னைக்கு வண்டி எத்தனை மணிக்குடி?" என்று கேட்டவள். ஏதோ ஆசையாக விசாரிக்கிறாள் என்று நானும் சொல்லித் தொலைத்திருந்தேன்.

இது எல்லையில் இருக்கும் கொட்டகை. எங்கள் பக்கத் தண்டவாளம் அகலம், அந்தப் பக்கம் நான்கு விரல் குறுகல். எந்தக் காலத்திலோ இரண்டு அரசாங்கங்கள் முறைத்துக்கொண்டு ஆளுக்கொரு அளவு வைத்துவிட்டன. அந்த வீம்புக்கு நாங்கள் இன்றும் கிரீஸ் தடவிக்கொண்டிருக்கிறோம். வருகிற ஒவ்வொரு பெட்டியையும் ஆட்களோடு அப்படியே தூக்கி, அடியிலிருக்கும் அகலச் சக்கரங்களை உருட்டி வெளியே எடுத்து, குறுகலானவற்றை உள்ளே தள்ளி இறக்க வேண்டும். அதுவரை கதவுகள் பூட்டியிருக்கும், யாரும் இறங்க முடியாது. என்னோடு வேலை பார்ப்பவனுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர், வாய் மூடவே மாட்டான். மலையேறும் குட்டி ரயில்கள் சிலவற்றுக்கு இதில் பாதி அகலமே போதும், சில ஊர்களில் மூன்று தண்டவாளம் போட்டு இரண்டு அளவு வண்டிகளையும் ஒரே பாதையில் விடுகிறார்கள் என்று ஜன்னலில் எட்டிப் பார்ப்பவர்களிடமெல்லாம் கதையளந்துகொண்டிருந்தான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எல்லைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் அண்ணன், அடுத்த மாதம்தான் வருவேன் என்று போனில் சொல்லியிருந்தான். அம்மா என்னோடு இருக்கும் இந்த ஒன்பது வருடத்தில் அவளுக்கு ஒரு மாத்திரை வாங்கித் தந்ததில்லை.

"இறங்குடா கீழ," என்றேன்.

"கதவு பூட்டியிருக்கு."

"தெரியும். நான்தான் பூட்டுனேன். அம்மாவை எங்கடா திருட்டுத்தனமா கூட்டிட்டுப் போற?"

அவன் அம்மாவைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் பக்கத்து ஆளைப் பார்ப்பான்.

புதுச் சக்கரங்கள் வந்து நின்றன. பெட்டியை இறக்குவதற்கு முன்னால், அது உட்காரும் நடு ஆணியை நான் பார்த்துக் கையசைக்க வேண்டும். ஆணியில் ஒரு கீறல் இருந்தால் பெட்டி இங்கேயே நின்றுவிடும். இன்று மாற்றுப் பெட்டி கிடையாது, உள்ளே இருப்பவர்கள் இறங்க வேண்டியதுதான். டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் குனிந்தேன். இத்தனை வருடத்தில் பழுது இருக்கக்கூடாதே என்று தேடியிருக்கிறேன். இன்றுதான் இருக்காதா என்று தேடினேன். விரலால் தடவிப் பார்த்தேன். பாழாய்ப்போன ஆணி, கண்ணாடி மாதிரி இருந்தது.

ஜன்னலுக்கு அடியில் போய் நின்றேன். "கீறல் இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், நீங்க ரெண்டு பேரும் இறங்கியாகணும். சொல்லட்டுமா?"

அம்மா இப்போதுதான் வாயைத் திறந்தாள். "சொல்லமாட்ட. வேலையில நீ பொய் சொல்லமாட்டேன்னு தெரிஞ்சுதான் பஸ்ஸ விட்டுட்டு ரயில்ல வந்தேன். உன் கண்ணுல படாம போக எனக்கு மனசு வரல."

"அப்போ வீட்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

"வீட்லன்னா கத்துவ."

"நான் கத்துறேனா?"

கொட்டகை முழுக்க எதிரொலித்தது. ரேடியோகூட வாயை மூடிக்கொண்டான்.

"நல்லாத்தான் பாத்துக்கிட்ட," என்றாள் அம்மா. "சோறு, மருந்து, எதுலயும் நான் குறை சொல்லல. ஆனா நீ தட்டு வைக்கிற சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு அடிச்சுக்குதுடி. கொஞ்ச நாள் சத்தமில்லாத வீட்ல இருக்கேன்."

நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்குப் போய், சமைத்து, துவைத்து, அவள் கால் வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுப்பவளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? தட்டை ஓங்கி வைத்திருப்பேன். அது அவள் மேல் இல்லை என்று அவளுக்குத் தெரியும் என்றல்லவா இருந்தேன். வருடத்துக்கு ஒருமுறை பழக்கூடையோடு வந்து போகிறவன் அமைதியானவனாம், நான் பேயாம். வாயில் வந்ததையெல்லாம் விழுங்கினேன்.

கையசைத்தேன். பெட்டி இறங்கி, ஆணி குழியில் கச்சிதமாக உட்கார்ந்தது. அம்மாவின் முகம் என் முகத்துக்கு நேராக வந்தது. சால்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். "கதவ தாழ் போட்டுட்டுப் படு," என்றாள்.

வண்டி குறுகிய பாதையில் வளைந்து மறைந்தது. அது விட்டுச்சென்ற அகலச் சக்கரங்கள் கொட்டகையில் வரிசையாக நின்றன. ஐந்தாம் பெட்டியினுடையதைத் தேடி, அதன் அச்சு சுழலும் இரும்புக் கூட்டில் கையை வைத்தேன். இன்னும் சூடாக இருந்தது.

ரேடியோ வந்தான். "ஓரமா தள்ளிடலாமாக்கா?"

"இருடா, சூடு ஆறட்டும்," என்றுதான் சொன்னேன். அவன் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றான்.